முதல்ல கிளவுஸ் வாங்குங்க, ரெகுலேட்டர் அப்புறம்

போன சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுட்டு லேசா கண்ணசந்த நேரத்துல வாட்ஸப் கத்துச்சு. நாட்டிங்ஹாம்ல இருக்குற நம்ம தம்பி ஒருத்தர். திருநெல்வேலிக்காரர், பொட்டி தட்டுற வேலை. ரெண்டு வாரம் முன்னாடிதான் ஸ்கூபா டைவிங்ல முதல் சர்டிபிகேட் வாங்கியிருக்கார். "அண்ணே, சாமான் வாங்கப் போறேன். லிஸ்ட் போட்டிருக்கேன், ஒரு பார்வை பாருங்க"ன்னு ஒரு எக்ஸெல் ஷீட்டை அனுப்பியிருந்தார்.

பார்த்தேன். தூக்கம் போயிடுச்சு. மொத்தம் 2,340 பவுண்டு. முதல் வரியில ஒசத்தி ரெகுலேட்டர். அடுத்து கலர் ஸ்கிரீன் வச்ச டைவ் கம்ப்யூட்டர். அப்புறம் பிசிடி, டைட்டானியம் கத்தி, தண்ணிக்குள்ள படம் எடுக்குற கேமரா, நீள நீளமான ஃபின். கடைசி வரியில, ஏதோ ஞாபகம் வந்து சேர்த்த மாதிரி, "கிளவுஸ் - 15 பவுண்டு". டிரை சூட்டுக்கு நேரா "அப்புறம் பாத்துக்கலாம்"னு ஒரு குறிப்பு. அதுக்குள்ள போடுற கதகதப்பான உடுப்புக்கு ஒரு பைசா ஒதுக்கல.

இந்த லிஸ்ட்டை எங்கேயோ பார்த்திருக்கோமேன்னு யோசிச்சா, நாலு வருஷம் முன்னாடி நான் போட்ட அதே லிஸ்ட்! கேமரா மட்டும் என் லிஸ்ட்ல இல்ல. அதை தங்கமணி பாத்ததும் அடிச்சுட்டாங்க :-)

தம்பிகிட்ட ஃபோன்ல ஒரு மணி நேரம் பேசினேன். இதே கேள்வியை இந்த வருஷத்துல இன்னும் ரெண்டு பேர் கேட்டுட்டாங்க. அதனால மொத்தமா எழுதி வச்சிடறேன். என் கட்சி இதுதான்: குளிர் தண்ணியில புதுசா இறங்குறவன் முதல் காசை குளிரைத் தடுக்கத்தான் செலவு பண்ணணும். மூச்சு விடுற சாமானை கிளப்புல இரவலோ கடையில வாடகையோ எடுத்துக்கலாம். அதாவது தம்பியோட லிஸ்ட்டை அப்படியே தலைகீழாப் புடிச்சா சரியா இருக்கும்.

"என்னய்யா இது, உயிரே ரெகுலேட்டர்லதான் இருக்கு, நீ கிளவுஸை முதல்ல வாங்கச் சொல்றியே"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. பதில் சொல்லணும்னா கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும். பொறுத்துக்கங்க.

கெணத்துல இருந்து குவாரிக்கு

நான் நீச்சல் கத்துக்கிட்டது எங்க ஊர் பம்புசெட் கெணத்துல. மாமா இடுப்புல சுரைக்குடுவையைக் கட்டி மேல இருந்து தள்ளி விடுவார். விடியக்காலையில கூட தண்ணி வெதுவெதுன்னு இருக்கும். வேலை விஷயமா இங்கிலாந்து வந்து லெஸ்டர்ல குடியேறின அப்புறம், ஆபீஸ்ல ரிட்டயர் ஆகப்போற ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் "எங்க டைவிங் கிளப்புக்கு வந்து பாரேன்"னு கூப்பிட்டார். கெணத்தடியில காசு போட்டு முக்குளிச்சு எடுத்தவன்ங்கிற தெனாவெட்டுல போய்ச் சேர்ந்தேன்.

பிரிட்டிஷ் சப்-அக்வா கிளப், சுருக்கமா பீசாக். 1953ல ஆரம்பிச்சது. ஊருக்கு ஊர் கிளை உண்டு. அதுல 'ஓஷன் டைவர்'ங்கிறது முதல் படி. 20 மீட்டர் ஆழம் வரைக்கும் போகலாம். முதல் பாடம் எல்லாம் நீச்சல் குளத்துல. அப்புறம் நெஜத் தண்ணியில.

நெஜத் தண்ணின்னா எங்க பக்கத்துல ஸ்டோனி கோவ். லெஸ்டர்ஷையர்ல இருக்குற பழைய கல்குவாரி. ஊத்துத் தண்ணி நெறஞ்சு ஏரி ஆயிடுச்சு. ஓரமா 6 மீட்டர்ல ஒரு தட்டு, 20 மீட்டர் சொச்சத்துல இன்னொரு தட்டு, அதுக்கும் கீழ 35 மீட்டர் வரைக்கும்னு படிக்கட்டு மாதிரி இறங்கும். டைவர்கள் பாக்கறதுக்குன்னே 2000ல மூழ்கடிச்ச 'ஸ்டேன்கார்த்'ங்கிற பழைய இழுவைக் கப்பல் நடுத்தட்டுல கெடக்குது. கடலே இல்லாத நடு இங்கிலாந்து டைவருங்களுக்குக் காசி, ராமேஸ்வரம் எல்லாம் அந்தக் குவாரிதான்.

சென்னைக் கடல் 28 டிகிரி இருக்கும். அந்தக் குவாரி பிப்ரவரி மாசத்துல 5 டிகிரி. நம்ம வீட்டு ஃபிரிட்ஜுக்குள்ள இருக்குற தண்ணி பாட்டில்னு வச்சுக்கங்க. உடம்புச் சூட்டைக் காத்து உறிஞ்சுறதை விடத் தண்ணி இருபது மடங்குக்கும் மேல வேகமா உறிஞ்சும். அதுக்குள்ள முக்கால் மணி நேரம் இருக்கணும்.

அந்த பிப்ரவரி ஞாயித்துக்கிழமை

சர்டிபிகேட் வாங்கி அஞ்சு மாசம். என் கணக்குல பதினோரு டைவ். சொந்த ரெகுலேட்டர் வாங்கிட்டேன்னு கிளப்புல எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டு இருந்த காலம். இணையத்துல ஒருத்தர் வித்தது. செகண்ட் ஹேண்ட், ஆனா புதுசு மாதிரி பளபளன்னு இருந்துச்சு. கடை விலையில பாதிக்கும் கம்மி. மீதிக் காசுல ஒரு கம்ப்யூட்டர், ஒரு கத்தி. கிளவுஸ் மட்டும் 3 மில்லிமீட்டர் கனத்துல, தள்ளுபடியில கெடைச்சது. டிரை சூட் கிளப்பு ஆள் ஒருத்தரோட பழசு. அவர் ஆறடி, நான் அஞ்சடி அஞ்சங்குலம். உள்ளே என்ன போட்டேன்னு கேக்காதீங்க. சரி, சொல்லிடறேன். காட்டன் பனியன், காட்டன் டிராக் பேண்ட், அதுக்கு மேல ஊர்ல இருந்து அம்மா கொண்டு வந்த ஸ்வெட்டர்.

கூட இறங்கினது அந்த ஆபீஸ் பெரியவர்தான். டைவிங்ல எப்பவும் ஜோடியாத்தான் இறங்கணும். இறங்கி எட்டாவது நிமிஷம் விரல் மரத்துப் போச்சு. பன்னெண்டாவது நிமிஷம் விரல் இருக்கான்னே தெரியல. கட்டை விரலைத் தூக்கிக் காட்டினா "மேல போவோம்"னு அர்த்தம். யார் வேணா, எப்ப வேணா, காரணமே சொல்லாம காட்டலாம். முதல் பாடத்துலயே சொல்லிக் கொடுக்குறது இது. நான் காட்டல. புது ரெகுலேட்டரைப் பத்தி அவ்வளவு பேசிட்டு, பத்து நிமிஷத்துல கை குளுருதுன்னு ஏறி வந்தா மானம் போயிடுமே!

20 மீட்டர்ல, கப்பலுக்குப் பக்கத்துல. சூட்டு உடம்பை இறுக்கிப் புடிச்சதால காத்து விடுறதுக்கு நெஞ்சுல இருக்குற பட்டனை அழுத்தினேன். விரல்ல உணர்ச்சி இல்லாததால எவ்வளவு நேரம் அழுத்துறேன்னு தெரியல. குளிர்ல மூச்சும் வேக வேகமா வாங்குது. திடீர்னு வாய்க்குள்ள புஸ்ஸ்ஸ்னு ஒரே சத்தம். ரெகுலேட்டர் நிக்காம காத்தைக் கக்குது. மூஞ்சி முன்னாடி வெறும் குமிழி. மாஸ்க் அதுருது, ஒண்ணும் தெரியல. இதை ஃப்ரீ ஃப்ளோன்னு சொல்லுவாங்க. சிலிண்டர்ல இருக்குற மொத்தக் காத்தும் சில நிமிஷத்துல காலி ஆயிடும்.

பெரியவர் வந்து தன்கிட்ட இருந்த உபரி வாய்க்குழாயை என் வாயில திணிச்சார். என் சிலிண்டர் வால்வை மூடினார். தோள்பட்டையைப் புடிச்சுக்கிட்டு மேல கிளம்பினோம். அதோட கதை முடிஞ்சிருக்கணும். முடியல. மேல ஏற ஏற டிரை சூட்டுக்குள்ள இருக்குற காத்து விரியும். அது வெளியேற இடது கைப் பக்கம் ஒரு திருகு வால்வு இருக்கும். அதை நான் மூடி வச்சிருந்தேன். மரத்துப் போன விரலால அதைத் திருக முடியல. ரெண்டு தடவை, மூணு தடவை. வழுக்குது. பலூன் மாதிரி வேகம் எடுக்குறேன், அவரையும் சேர்த்து இழுத்துக்கிட்டு. கத்துக் கொடுத்ததுல ஒண்ணு மட்டும் ஞாபகம் இருந்துச்சு: மூச்சை அடக்காதே, ஊதிக்கிட்டே போ. 8 மீட்டர் சுமாருக்கு அவரே கையை நீட்டி அந்த வால்வைத் திறந்து விட்டார்.

நிறுத்த வேண்டிய இடத்துல நிறுத்தாம மேல வந்து சேர்ந்தோம். ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகல. கரையில தங்கமணி ஃபிளாஸ்க்கோட உக்காந்திருந்தாங்க. "ஏங்க, உதடெல்லாம் நீலமா இருக்கு"ன்னு மட்டும் சொன்னாங்க. குளிருன்னு சொல்லிச் சமாளிச்சேன். நடந்ததை அவங்ககிட்ட ஒழுங்காச் சொல்ல மூணு வாரம் ஆச்சு. அந்த மூணு வாரம் அந்தப் பெரியவர் முகத்தை நேரா பாக்க முடியல. என் உயிர் என் இஷ்டம்னு பேசலாம். அவரும் கூட வந்தாரே?

தப்பு எங்க?

அடுத்த வாரம் ரெகுலேட்டரைப் பழுது பாக்கறவர்கிட்ட கொண்டு போனேன். அவர் திருப்பிப் பார்த்துட்டு உலோகத்துல பொறிச்சிருந்த எழுத்தை விரலால காட்டினார். ஈஎன் 250, பக்கத்துலயே ">10 டிகிரி". ஈஎன் 250ங்கிறது ஐரோப்பியத் தர நிர்ணயம். குளிர் தண்ணிக்குத் தேறணும்னா 4 டிகிரி தண்ணியில, 50 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்துல, நிமிஷத்துக்கு 62.5 லிட்டர் மூச்சு வாங்குற மாதிரி மெஷின்ல வச்சுச் சோதிப்பாங்க. அதுல தேறாததுக்கு, "10 டிகிரிக்கு மேல இருக்குற தண்ணிக்கு மட்டும்"னு பொறிச்சு விக்கணும். வித்தவர் மேல தப்பில்ல. அவர் வெயில் ஊர்ல வச்சு ஓட்டியிருப்பார். பொறிச்சு வச்சதைப் படிக்காதது நான்.

ஏன் உறையுது? சிலிண்டருக்குள்ள காத்து 232 பார் அழுத்தத்துல இருக்கு. ரெகுலேட்டரோட முதல் பாகம் அதை, சுத்தி இருக்குற தண்ணி அழுத்தத்தை விடச் சுமார் 10 பார் அதிகம்ங்கிற அளவுக்கு இறக்கும். காத்து அப்படி ஒரேயடியா விரியறப்ப பயங்கரமாக் குளிரும். பெர்ஃப்யூம் ஸ்பிரேயை விடாம அடிச்சா டப்பா ஜில்லுனு ஆகுதுல்ல, அதே கதைதான். தண்ணி ஏற்கெனவே 5 டிகிரின்னா, உள்ள இருக்குற ஸ்பிரிங்கைச் சுத்தி ஐஸ் கட்டிடும். வால்வு திறந்த நிலையில மாட்டிக்கும். எவ்வளவு வேகமா காத்தை இழுக்குறோமோ அவ்வளவு சீக்கிரம் உறையும். மூச்சு வாங்கிக்கிட்டே சூட்டு பட்டனையும் அழுத்தினா ரெண்டு பக்கமும் இழுப்பு. நான் பண்ணினது அதேதான்.

இப்ப திரும்பக் கேளுங்க, ரெகுலேட்டர் மட்டுமா காரணம்? உடம்பு குளுருனதால மூச்சு வேகமாச்சு. விரல் மரத்ததால பட்டனை அதிக நேரம் அழுத்தினேன். விரல் மரத்ததால வால்வைத் திறக்க முடியல. குளிர்ல புத்தி மழுங்கினதால மேல போவோம்னு சொல்ல வேண்டிய நேரத்துல சொல்லல. ரெகுலேட்டர் அந்தச் சங்கிலியில ஒரு கண்ணி. மத்த எல்லாக் கண்ணியும் குளிருதான்! பீசாக் வருஷா வருஷம் டைவிங் விபத்து அறிக்கை வெளியிடுது. நேரம் கெடைச்சா படிச்சுப் பாருங்க. தனி ஒரு தப்பால வந்ததை விட, சின்னச் சின்னத் தப்பு கைகோத்துக்கிட்டு வந்ததுதான் திரும்பத் திரும்பத் தெரியும்.

இன்னொண்ணும் சொல்லணும். குளிர் தண்ணிக்குத் தேறின ரெகுலேட்டரும் உறையலாம். வாய்ப்பு கம்மி, அவ்வளவுதான். அப்படி உறையறப்ப நம்மைக் காப்பாத்துறது வேலை செய்யிற விரலும் தெளிவான புத்தியும். அதுக்குத்தான் முதல் காசு.

என் வரிசை

1. மாஸ்க். இதை யார்கிட்டயும் இரவல் வாங்காதீங்க. முகத்துக்கு முகம் வேற. வாரைத் தலையில மாட்டாம மாஸ்க்கை முகத்துல வச்சு மூக்கால மெதுவா உறிஞ்சுங்க. கையை எடுத்தாலும் ஒட்டிக்கிட்டு நின்னா அது உங்க மாஸ்க். விலைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. மீசைக்காரங்களுக்கு ஒரு வார்த்தை: மூக்குக்குக் கீழ இருக்குற மேல் வரிசையை மட்டும் மெல்லிசா வழிச்சுட்டா தண்ணி கசியறது பெரும்பாலும் நின்னுடும். மீசையை முழுசா எடுக்க வேண்டியதில்ல, கௌரவம் காப்பாத்தப்படும். புது மாஸ்க் கண்ணாடியில மெல்லிசா சிலிக்கான் படிஞ்சிருக்கும். பேஸ்ட் போட்டுத் தேய்ச்சுக் கழுவலேன்னா தண்ணிக்குள்ள பனி மூட்டம்தான்.

2. ஹூட், கிளவுஸ். தலை வழியாத்தான் பாதிச் சூடு போயிடும்னு சொல்றது கட்டுக்கதை. ஆனா காதுக்குள்ள குளிர் தண்ணி திடீர்னு பாஞ்சா தலை சுத்தும். தண்ணிக்குள்ள தலை சுத்தினா மேல எது கீழ எதுன்னே தெரியாது. அதனால 5 முதல் 7 மில்லி கனத்துல, கழுத்துல இறுக்காத ஹூட். கிளவுஸ் குறைஞ்சது 5 மில்லி. ரொம்பக் குளிர்ற உடம்புன்னா டிரை சூட்டோட வளையம் போட்டு மாட்டுற உலர் கிளவுஸ். கடையிலயே போட்டுப் பார்த்து, கிளிப் மாட்டுங்க, வால்வைத் திருகுங்க, பட்டனை அழுத்துங்க. முடியலேன்னா அது உங்க கிளவுஸ் இல்ல.

3. அண்டர்சூட், அப்புறம் டிரை சூட். இந்த வரிசை பலருக்குக் குழப்பமா இருக்கும். மெல்லிசான துணி மாதிரி இருக்குற டிரை சூட் வெறும் ரெயின்கோட். தண்ணியை வெளியே நிறுத்துமே தவிர சூடு கொடுக்காது. சூடு கொடுக்குறது உள்ளே போடுற அண்டர்சூட்டும் அதுல தங்குற காத்தும். அதனால முதல்ல நல்ல அண்டர்சூட், அதைப் போட்டுக்கிட்டு அதுக்கு மேல டிரை சூட் அளவு பாக்கணும். உடம்போட ஒட்டி கம்பளியோ, வேர்வையை உறிஞ்சி வெளியே தள்ளுற செயற்கை நூலோ. காட்டன் வேணாம். வேர்வையில நனைஞ்சா நனைஞ்சபடியே இருக்கும், நீங்களும் நடுங்கிக்கிட்டே இருப்பீங்க.

டிரை சூட்டைப் போட்டுக்கிட்டு உக்காந்து எழுந்திரிங்க. பிடரிக்குப் பின்னால கை போகுதா பாருங்க. அங்கதான் சிலிண்டர் வால்வு இருக்கும். ரெடிமேட் சூட் எல்லாம் வெள்ளைக்காரன் உயரத்துக்குத் தச்சது. நம்ம மாதிரிக் குள்ளப் பசங்களுக்குக் கால் பக்கம் தொளதொளன்னு இருக்கும். அந்தத் தொளதொளப்புல காத்து சேர்ந்துச்சுன்னா கால் மேல, தலை கீழ! அளவு எடுத்துத் தைக்கிற ஆளுங்க உண்டு. காசு கூடத்தான், ஆனா லிஸ்ட்ல எங்கயாவது தாராளமா இருக்கணும்னா இங்க இருங்க. பழசு வாங்கினா ஜிப்பையும் கழுத்து, மணிக்கட்டு ரப்பரையும் பாருங்க. ரப்பர் மாத்திக்கலாம். ஜிப் போனா செலவு எகிறிடும்.

வெட் சூட் போதாதான்னு தம்பி கேட்டார். வெட் சூட் ரப்பர்ல இருக்குற சின்னச் சின்னக் காத்துக் குமிழிதான் சூட்டைத் தடுக்குது. 20 மீட்டர்ல அழுத்தம் மேல இருக்குறதைப் போல மூணு மடங்கு. குமிழி நசுங்கி, சூட்டு மெல்லிசாயிடும். ரொம்ப வேண்டிய இடத்துல காலை வாரிடும்.

4. ஃபின். டிரை சூட்டோட பூட்ஸ் பெருசு. மால்தீவு படங்கள்ல வர்ற நீளமான, செருப்பு மாதிரி போடுற ஃபின் அதுக்குள்ள போகவே போகாது. பின்னாடி ஸ்பிரிங் வார் வச்சது, பூட்ஸோட போட்டுப் பார்த்து வாங்குங்க. கொஞ்சம் கனமான ரப்பர் ஃபின் இருந்தா மிதக்குற காலைக் கீழ வச்சிருக்கும்.

5. கம்ப்யூட்டர். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், எவ்வளவு வேகத்துல ஏறுறோம்னு சொன்னாப் போதும். பெரிய எழுத்து, கிளவுஸோட அழுத்த வர்ற பட்டன், சூட்டுக் கைக்கு மேல சுத்திக் கட்டுற நீள வார். கலர் ஸ்கிரீன் எல்லாம் சம்பள உயர்வு வந்தா.

6. சில்லறை. ஒரு டார்ச், மேல வர்றப்போ படகுக்காரனுக்கு அடையாளம் காட்ட விடுற மிதவை பலூனும் கயித்துச் சுருளும், மீன்பிடி நரம்பு அறுக்க ஒரு சின்ன கட்டர். கெண்டைக்கால்ல கட்டுற அய்யனார் அருவா சைஸ் கத்தி வேணாம். நான் வாங்கினது இப்போ சமையலறையில பூசணிக்காய் வெட்டுது.

இதுக்கு அப்புறம்தான் ரெகுலேட்டர், பிசிடி. சிலிண்டர் கடைசி. இங்க இரண்டரை வருஷத்துக்கு ஒரு தடவை உள்பார்வைச் சோதனை, 5 வருஷத்துக்கு ஒரு தடவை அழுத்தச் சோதனைன்னு அதுக்குத் தனிச் செலவு உண்டு. சும்மா கெடந்தாலும் செலவு வைக்கிற சாமான்.

"ஆனா அண்ணே..."

தம்பி விடல. மூணு கேள்வி கேட்டார். மூணும் சரியான கேள்வி.

"அடுத்தவன் கடிச்ச ரெகுலேட்டரை வாயில வைக்கிறதா?" வாயில கடிக்கிற ரப்பர் துண்டு தனியாக் கெடைக்கும், நாலஞ்சு பவுண்டு. சொந்தமா ஒண்ணு வச்சுக்கிட்டு மாட்டிக்கங்க. முடிஞ்சது கதை.

"சொந்த சாமான்னா கைப்பழக்கம் வருமே, அதுவும் பாதுகாப்புதானே?" முழுக்க ஒத்துக்கறேன். கைக்குப் பழகின சாமான் ஆபத்துல தானா கைக்கு வரும். அதனாலதான் கிளப்புல ஒரே செட்டைத் திரும்பத் திரும்ப எடுங்கன்னு சொல்றேன். நான் அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் 14 மாசம் கிளப் ரெகுலேட்டர்லதான் ஓட்டினேன். வருஷா வருஷம் சர்வீஸ் பண்ணினது. இரவல் எடுக்குறதுக்கு முன்னாடி சர்வீஸ் தேதியையும் அந்தப் பொறிப்பையும் பார்க்கக் கத்துக்கிட்டேன். சர்வீஸ் பண்ணாத சொந்த ரெகுலேட்டரை விட சர்வீஸ் பண்ணின இரவல் ரெகுலேட்டர் எவ்வளவோ மேல்.

"எப்படியும் வாங்கத்தானே போறேன், இப்பவே வாங்கினா என்ன?" இங்கதான் எனக்கும் கடைக்காரங்களுக்கும், ஏன், கிளப்புல இருக்குற சீனியர்களுக்கும் சண்டை. கடையில மால்தீவுக்குப் போற டைவரா நினைச்சுச் சாமான் காட்டுறாங்க. கிளப் சீனியரோ, அஞ்சு வருஷம் கழிச்சு 50 மீட்டர் போகப்போற டைவரா நினைச்சு ரெட்டைச் சிலிண்டர் செட்டு சொல்றார். ரெண்டு பேருமே நல்லவங்கதான். ஆனா இன்னிக்கு பதினோரு டைவ் முடிச்சு, குவாரியில நடுங்கிக்கிட்டு நிக்கிற ஆளை யாருமே பாக்கறதில்ல. எந்த மாதிரி டைவர் ஆகப்போறோம்னு முப்பது டைவ் வரைக்கும் நமக்கே தெரியாது. கிளவுஸும் அண்டர்சூட்டும் எந்த மாதிரி டைவர் ஆனாலும் வேணும். அதுல போட்ட காசு வீணாப் போகாது.

வாங்குற நாள் வந்ததும் என்ன பாக்கணும்? பொறிப்புல அந்த ">10" இருக்கக் கூடாது. முதல் பாகத்துல தண்ணி ஸ்பிரிங்கைத் தொடாம அடைச்சிருக்கணும். சிலிண்டர்ல மேல வச்சுக் கவ்வுற மாதிரி இல்லாம, உள்ள திருகுற டின் இணைப்பா இருந்தா நல்லது. ரொம்ப முக்கியமா, உங்க ஊர்ல அந்த கம்பெனி மாடலை சர்வீஸ் பண்ண ஆள் இருக்கணும். அதோட, குளிர் தண்ணியில ஆழம் போறவங்க தனியா 3 லிட்டர் சின்ன சிலிண்டரும் அதுக்கு ஒரு ரெகுலேட்டரும் கொண்டு போறதை இங்க சகஜமாப் பாக்கலாம். நான் இப்ப அது இல்லாம 20 மீட்டருக்குக் கீழ போறதில்ல.

முடிவா

தம்பி திருத்தின லிஸ்ட்டை நேத்து ராத்திரி அனுப்பினார். கேமரா காணோம், கத்தி காணோம். முதல் வரியில அண்டர்சூட். மொத்தம் 1,410 பவுண்டு, அதுல பெரும்பகுதி அளவெடுத்துத் தைக்கிற டிரை சூட்டுக்கு. கிளவுஸுக்கு நேரா ரெண்டு ஜோடி, ஒண்ணு நனைஞ்சா இன்னொண்ணு. "அண்ணே, இதுல படம் எடுத்துப் போட ஒண்ணுமே இல்லையே"ன்னு ஒரு சோக ஸ்மைலி வேற.

ஆமாம் தம்பி, இல்லதான். குளிரைத் தாங்க வைக்கிற சாமான் எதுவுமே அழகா இருக்காது. டிரை சூட்டுக்குள்ள கம்பளி போட்டுக்கிட்டா நான் ஆவின் பால் பூத் மாதிரி இருக்கேன்னு என் பொண்ணு சொல்லுது. பரவாயில்ல. போன டிசம்பர்ல அதே பெரியவரோட, அதே கப்பல் பக்கத்துல, 41 நிமிஷம் இருந்துட்டு வந்தேன். கரையேறி நானே ஃபிளாஸ்க் மூடியைத் திறந்து டீ ஊத்தினேன். சாதாரண விஷயமாத் தெரியலாம். முதல் வருஷம் பூரா அந்த மூடியை தங்கமணிதான் திறந்து கொடுப்பாங்க. விரல் மடங்காது.

பெரியவருக்கும் ஒரு கப் ஊத்திக் கொடுத்தேன். என் கையைப் பார்த்துட்டு, "குட் கிளவுஸ்"னு மட்டும் சொன்னார். ரெகுலேட்டர் என்ன கம்பெனின்னு இன்னைக்கு வரைக்கும் கேக்கல.

டிஸ்கி 1: நான் பயிற்சியாளர் இல்ல. நூறு டைவ் கூட முடிக்காத ஆள். இதைப் படிச்சுட்டு யாரும் பயிற்சி இல்லாம டிரை சூட் மாட்டிக்கிட்டு இறங்கிடாதீங்க. அதுக்குன்னு தனிப் பாடம் இருக்கு.

டிஸ்கி 2: கனடா, நார்வே, நியூசிலாந்துன்னு குளிர் தண்ணியில இறங்குற நம்ம மக்கள் யாராவது இருந்தா, நீங்க முதல்ல வாங்கினது என்ன, வாங்கி வருத்தப்பட்டது என்னன்னு சொல்லிட்டுப் போங்க. பூசணிக்காய் வெட்டுற கத்தி என்கிட்ட மட்டும் இருக்காதுன்னு ஒரு நம்பிக்கைதான் :-)